எல் தோர்: ஒரு மலையின் பெயர் கிருமிக்குப் போன வழி

மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடியில் குர்ஆன் மத்ரசாவுக்குப் போன எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 'தூர்' எது என்று சொல்லிவிடும். மூஸா நபி இறைவனோடு பேசிய மலை அது. குர்ஆனின் 52ஆம் அத்தியாயத்துக்கே அத்தூர் என்றுதான் பெயர். 95ஆம் அத்தியாயத்திலும் அந்த மலை வருகிறது. அதே பிள்ளை வளர்ந்து மருத்துவம் படிக்கப் போய் நுண்ணுயிரியல் புத்தகத்தைத் திறந்தால், அதே பெயர் 'எல் டோர்' என்ற உருவில் மறுபடி எதிரே வந்து நிற்கும். கொலராவை உண்டாக்கும் கிருமியின் ஒரு வகைக்கு அது பெயர். 1961இல் தொடங்கி இன்றுவரை ஓயாமல் உலகைச் சுற்றும் ஏழாவது கொலராப் பெருந்தொற்று அந்த வகையினால் வந்ததே. மலைக்கும் கிருமிக்கும் நடுவே இருந்து இந்தப் பெயரைக் கைமாற்றியவர்கள் ஹாஜிகள். அவர்களும் பிணமாகக் கிடந்துதான் கைமாற்றினார்கள். அவர்களைப் பற்றிப் பாடப்புத்தகம் அரை வரிக்கு மேல் பேசுவதில்லை. பேசவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நம்முடைய வாயில் இந்த நோய்க்கு என்னென்ன பெயர் இருந்தன என்று பார்ப்போம். மட்டக்களப்பில் வயிறு கழிந்தால் 'வயித்தால போகுது' என்பார்கள்; வைத்தியசாலைச் சீட்டில் அது 'வயிற்றோட்டம்' ஆகும். தமிழ்நாட்டார் வாந்தி என்பதை இலங்கையில் 'சத்தி' என்கிறோம். கேட்பதற்குத் தனித்தமிழ் போலத் தோன்றும் இச்சொல் வடமொழியின் 'சர்தி' தேய்ந்து வந்தது. வாந்தியும் வடமொழிதான், பேதியும் அப்படியே, பிளப்பது, உடைத்துவிடுவது என்ற பொருளிலிருந்து வயிற்றைக் கழியச் செய்வதற்கு வந்தது. இரண்டையும் கோத்து 'வாந்திபேதி' என்று ஆக்கியபோது நோய்க்கு ஒரு துல்லியமான தமிழ்ப் பெயர் கிடைத்தது. இன்னும் மண்ணோடு பேசவேண்டுமானால் 'கக்கல் கழிச்சல்' இருக்கிறது. இந்தப் பெயர்களில் நாடும் இல்லை, சாதியும் இல்லை, சமயமும் இல்லை. உடம்பு என்ன செய்கிறதோ அதை மட்டும் சொல்கின்றன. தாய் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து 'சத்தியும் வயித்தாலயும் போகுது' என்று சொன்னால், வாசலில் நிற்கும் தாதிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு வகைப் பெயர்கள் நோயின் பரப்பைச் சொல்பவை. 'கொள்ளைநோய்' என்பதில் உள்ள கொள்ளை, கொள்ளுதல் என்ற வினையிலிருந்து வந்தது. வீடு வீடாகப் புகுந்து ஆளை அள்ளிக்கொண்டு போவது. 'பெருவாரி'யில் வாருதல் இருக்கிறது. இன்று 'பெருவாரியான மக்கள்' என்று தேர்தல் செய்தியில் எழுதுகிறோம். சென்ற தலைமுறைகளுக்கு அது கும்பல் கும்பலாக ஆளை வாரிய நோய்களின் பெயருமாக இருந்தது. வடக்கே யாழ்ப்பாணத்தில் 'கோதாரி'. வாந்திபேதிக்கும் பொதுவான கொள்ளைநோய்க்கும் அங்கே வழங்கிய சொல் இது. நோய் ஒழிந்த பிறகு வசவாக உயிர்வாழ்கிறது. கோதாரி விழுந்த மழை, கோதாரி பிடிச்ச மாடு என்று எரிச்சலில் சொல்பவருக்கு, பாட்டன் காலத்தில் அது ஒரு தெருவையே காலிசெய்த பெயர் என்ற நினைவு இருக்காது. தமிழ்நாட்டின் 'பேதியிலே போவான்' என்ற வசவும் அந்த வரிசையில் சேர்ந்ததே. ஒரு நோய் எவ்வளவு அஞ்சப்பட்டது என்பதற்கு அதன் பெயர் வசவாகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். நீரிழிவில் போவான் என்று எவரும் சபிப்பதில்லை.

முஸ்லிம்களின் தமிழில் மூன்றாவதாக ஒரு சரடு ஓடுகிறது. அரபில் கொள்ளைநோய்க்குப் பொதுப்பெயர் 'வபா'. பிளேக்குக்குத் தனிப்பெயர் 'தாஊன்'. ஊரில் நோய் கண்டால் பள்ளியிலும் வீட்டிலும் ஓதப்பட்ட அரபு வேண்டுதல்களில் வபா என்ற சொல் வரும். தமிழ் எழுத்தில் இது 'வபாத்' என்ற சொல்லோடு ஒட்டிப் பிறந்ததுபோலத் தெரிகிறது. வபாத் என்றால் மரணம். ஆனால் அரபில் இரண்டுக்கும் வேர் வேறு, எழுத்தும் வேறு. ஒன்றில் ப, மற்றதில் ஃப. தமிழில் அந்த வேறுபாட்டைக் காட்ட எழுத்தில்லாததால் நோயும் சாவும் ஒரே குடும்பம்போல நம் காகிதத்தில் நிற்கின்றன. இத்தகைய ஒலி ஒற்றுமைகளைக் கண்டு சொல்லாராய்ச்சிக்காரன் தாவிவிடக் கூடாது. அப்படித் தாவினால், கிணற்றடியில் படியும் தூருக்கும் சீனாய் மலையின் தூருக்கும்கூட உறவு சொல்லவேண்டி வரும்.

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் போகாமலும், இருக்கும் ஊரில் அது கண்டால் அதைவிட்டு ஓடாமலும் இருக்கச் சொல்லும் நபிமொழியை இங்கே பலரும் அறிவார்கள். அது தாஊனைப் பற்றியது. தடைமுகாம் என்ற எண்ணம் இந்தக் கடற்கரைக்கு வெள்ளைக்காரரோடு மட்டும் வந்து சேரவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இனி 'கொலரா'வுக்கு வருவோம். தமிழ்நாட்டில் காலரா, நமக்குக் கொலரா. இரண்டும் ஆங்கிலம் வழியாக வந்த கிரேக்கச் சொல். கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தம். ஹிப்போகிரட்டீஸ் காலத்து வைத்தியர்கள் கோடையில் வரும் கடும் வாந்தியும் கழிச்சலும் பித்தம் மிகுந்து வழிவதால் வருகிறது என்று கருதி அப்பெயரை இட்டார்கள். வடமொழி வைத்தியம் 'விசூசிகை' என்றது. உடம்பெல்லாம் ஊசி குத்துவதுபோன்ற வலி என்று சுசுருதர் மரபு அதற்குப் பொருள் சொல்கிறது. தமிழ் வைத்தியர் வாயில் அது விசூசி ஆனது. அரபு மருத்துவத்தில் 'ஹைளா'. அதுவே உருதுவில் ஹைஸா. பத்தொன்பதாம் நூற்றாண்டு எகிப்திலும் சிரியாவிலும் மக்கள் 'மஞ்சள் காற்று' என்றார்கள். கோவாவில் கொங்கணியும் மராத்தியும் பேசியவர்கள் வைத்திருந்த பெயரைப் போர்த்துக்கீசர் 'மொர்தெஷிம்' என்று உச்சரித்தார்கள். 1543இல் கோவாவில் மூண்ட அந்த நோயை கஸ்பார் கொரெயா எழுதிவைத்திருக்கிறார். அதைப் பிரெஞ்சுக்காரர் காதில் வாங்கி, தம் மொழியில் 'நாயின் சாவு' என்று பொருள்படும் 'மோர் த ஷியன்' ஆக்கினார்கள். கொங்கணிச் சொல்லில் நாயும் இல்லை, சாவும் இல்லை. அயல்காது கேட்ட பிழை ஒரு நோயின் மேல் நாயைக் கட்டிவிட்டது.

இந்தப் பெயர்களுள் மிகத் தவறானது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட கொலராதான். முற்றிய கொலராவில் கழிவது நிறமற்ற நீர். மருத்துவர்கள் அதற்கு அரிசி கழுவிய தண்ணீரைத்தான் உவமை சொல்கிறார்கள். அதில் பித்தத்தின் நிறம் சிறிதும் இருக்காது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. 1950களில் அவர் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையும் கட்டி, உள்ளே கொலராக் கிருமியைச் செலுத்தி, குடல் நீரால் உப்புவதைக் காட்டினார். 1959இல் கிருமியே இல்லாத வடிநீரைச் செலுத்தினாலும் அப்படியே உப்புகிறது என்று நிறுவினார். கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அந்த நஞ்சு குடற்சுவரிலிருந்து நீரையும் உப்பையும் வெளியே கொட்டச் செய்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. கடுமையான நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர்வரை இழக்கக்கூடும். பித்தத்துக்கு இதில் வேலையே இல்லை. ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பித்தம் பெயரில் தங்கிவிட்டது.

பெயர் தவறாக இருப்பது ஒன்று; பழி சுமத்துவது வேறொன்று. 1817இல் வங்காளத்தின் ஜெசோரில் மூண்ட கொலரா ஒன்றிரண்டு ஆண்டுக்குள் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் வந்தது; 1819இல் இலங்கையிலிருந்து போன 'டோபாஸ்' என்ற போர்க்கப்பலோடு மொரிஷியசுக்கும் போனது. 1830களில் ஐரோப்பாவைத் தொட்டதும் அங்கே ஒரு புதிய பெயர்ப்பிரிவு பிறந்தது. தங்கள் ஊரில் கோடையில் வரும் லேசான கழிச்சல் 'கொலரா நோஸ்த்ராஸ்', அதாவது நம் கொலரா. ஆளைக் கொல்வது 'கொலரா ஆசியாட்டிக்கா', ஆசியக் கொலரா. லண்டன் சேரியிலும் பாரிஸ் சந்திலும் குடிநீரில் மலம் கலந்ததால் செத்தவர்களும் ஆசியாவால் செத்தவர்களாகவே எழுதப்பட்டார்கள். 1854இல் லண்டனின் பிராட் தெருக் குழாயை ஜான் ஸ்னோ சுட்டிக்காட்டிய பிறகும் அந்த அடைமொழி பல பத்தாண்டு நீடித்தது.

1865இல் பழி ஹஜ்ஜின்மேல் விழுந்தது. அவ்வாண்டு மக்காவில் கூடியவர்களுள் குறைந்தது 15,000 பேர் கொலராவில் இறந்ததாக அக்காலத்து மதிப்பீடு. எஞ்சியவர்களை ஏற்றிய நீராவிக் கப்பல்கள் சூயெஸுக்கு வந்தன. அங்கிருந்து அலெக்சாந்திரியா, பின்பு மத்தியதரைக் கடலின் துறைமுகங்கள். மறுவருடம் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய நாடுகளின் சுகாதார மாநாட்டில் ஹாஜிகளை எங்கே நிறுத்துவது என்பதே பெரிய கேள்வி. அதன் தொடர்ச்சியாகச் செங்கடலின் இரு முனைகளிலும் தடைமுகாம்கள் அமைந்தன. தெற்கே, இந்து சமுத்திரத்திலிருந்து உள்ளே வரும் கப்பல்களுக்கு யேமன் கரைக்கு அருகில் கமரான் தீவு, 1882 முதல். வடக்கே, மக்காவிலிருந்து சூயெஸ் வழியாகத் திரும்புவோருக்குச் சீனாய்க் கரையில் தூர்.

இந்தப் பிரிவு நமக்கு முக்கியம். காத்தான்குடியிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ அந்நாளில் கப்பலேறிய ஒருவர் இறக்கப்பட்டிருக்கக்கூடிய இடம் கமரான். வெயில் சுடும் அந்தத் தீவில் துணிமணிகளை நீராவியில் இட்டுக் கட்டணமும் வாங்கினார்கள். இந்தியாவிலிருந்து போன ஹாஜிகள் அதைக் கசப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தூரில் நின்றவர்கள் எகிப்தியர், துருக்கியர், வட ஆபிரிக்கர், ரஷ்யப் பேரரசின் முஸ்லிம்கள். இருவருக்கும் பொதுவானது ஒன்று. பயணம் செய்யும் ஏழை என்ற காரணத்துக்காக அவர்கள் உடம்பு சோதிக்கப்பட்டது. முதல் வகுப்பில் போன வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இந்தக் கெடுபிடி இருக்கவில்லை.

நமக்கு இன்னும் அருகிலும் ஒரு தூர் இருந்தது. மலையகத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்த இலங்கை அரசு, கொலராவும் அம்மையும் வந்துவிடுமென்று அஞ்சி, தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையிலும் பின்பு ராமேஸ்வரம் வழியிலுள்ள மண்டபத்திலும் முகாம் வைத்தது. கங்காணியோடு வந்த குடும்பங்கள் அங்கே சில நாள் நிறுத்தப்பட்டு, குளிப்பாட்டப்பட்டு, சோதிக்கப்பட்டு, பிறகுதான் கடல் தாண்டின. 'மண்டபம் கேம்ப்' என்ற சொல் மலையகத் தமிழில் தலைமுறைகளாக இருக்கிறது. 1980களுக்குப் பிறகு அதே இடம் இலங்கையிலிருந்து தப்பிப்போன அகதிகளின் முகாமாயிற்று. பெயரை மாற்றவேண்டிய தேவைகூட எவருக்கும் வரவில்லை.

தூர் என்ற ஊர் சூயெஸ் வளைகுடாக் கரையில் இருக்கிறது. சீனாய் மலையின் பெயரே ஊருக்கும் வந்தது. தமிழில் 'டோ' வந்ததற்கு ஆங்கிலத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. நூல்வழக்கு அரபில் அது 'அத்தூர்'. 'அல்' என்பதன் லகரம் அடுத்து வரும் தகரத்தில் கரைந்துவிடும். எகிப்தியர் பேச்சிலோ அந்த ஊர் 'எத்தோர்' என்று ஒலிக்கும். அதைக் கேட்டவர்கள் ஓகாரத்தை அப்படியே எடுத்து, கரையவேண்டிய லகரத்தை எழுத்தில் வைத்து, 'எல் தோர்' என்று ரோமன் எழுத்தில் எழுதினார்கள். ஆங்கிலம் படித்த நாம் தகரத்தை டகரமாக்கினோம்.

1905இல் அங்கே என்ன நடந்தது? மக்காவிலிருந்து திரும்பி முகாமில் இறந்த ஹாஜிகளின் உடல்களை ஃபீலிக்ஸ் கொட்ஷ்லிஷ் என்ற ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் சோதித்தார். அவர்கள் கொலராவில் இறந்தவர்கள் அல்லர். குடல் அழற்சியும் வயிற்றுளைவும்தான் இறப்புக்குக் காரணம். ஆனால் ஆறு உடல்களின் குடலிலிருந்து அவர் வளர்த்தெடுத்த கிருமிகள், 1884இல் ரொபர்ட் கோக் கல்கத்தாவில் விவரித்த காற்புள்ளி வடிவக் கிருமியைப் போலவே இருந்தன. கொலராவுக்கு எதிரான ஊனீரில் அதேபோலத் திரண்டன. ஒரு வேறுபாடு மட்டும் கண்ணில் பட்டது. இவை செந்நிற இரத்த அணுக்களைக் கரைத்தன. பழைய கிருமி கரைக்கவில்லை. ஆக, கொலரா இல்லாத உடம்பில் கொலராக் கிருமி. இதற்கு என்ன பெயர் வைப்பது? கண்ட இடத்தின் பெயரையே வைத்தார்கள்.

அந்த ஆறு பேரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கிருமிக்குப் பெயர் வந்தது. கிருமியைத் தந்தவர்கள் பெயரில்லாமல் மண்ணுக்குள் போனார்கள். ஹஜ் முடித்து, இஹ்ராம் களைந்து, வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு புனித மலையின் பெயர் தாங்கிய கரையில் இறந்தவர்கள் அவர்கள். மருத்துவ வரலாற்றில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டென்று நான் நினைக்கிறேன். நோயைப் பரப்பியவர்கள் என்ற வரிசையில் அவர்களைச் சேர்க்கக் கூடாது. பின்னர் நூற்றாண்டையே ஆண்ட ஒரு கிருமியை உலகம் முதன்முதல் அறிந்தது அவர்கள் உடம்பு வழியாக.

பெயர் அத்தோடு ஓயவில்லை. எல் தோர் உண்மையான கொலராதானா என்ற வாதம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. 1937இல் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் அந்தக் கிருமியே ஆட்களைக் கொன்றபோதும் 'பாராகொலரா' என்று ஒரு பெயர் கொடுத்து ஒதுக்கினார்கள். கொலராவின் பக்கத்து வீட்டுக்காரன் என்று பொருள். சர்வதேசச் சுகாதார விதிகள் கொலராவைத்தான் அறிவிக்கச் சொன்னன; பாராகொலராவை அறிவிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 1961இல் அதே சுலாவெசியின் மக்காசரிலிருந்து அது கிளம்பியபோது இந்தப் பெயர்வேறுபாடு உயிர்களோடு விளையாடியது. 1962இல் உலக சுகாதார நிறுவனம் எல் தோரும் கொலராவே என்று அறிவித்தது. 1964இல் அது இந்தியாவில் இருந்தது, 1970இல் ஆபிரிக்காவில், 1991இல் பெருவில்.

கொட்ஷ்லிஷுக்குப் புதிராயிருந்தது இப்போது விளங்குகிறது. எல் தோர் வகை தொற்றியவர்களுள் பெரும்பாலோருக்கு நோயே தெரியாது, அல்லது சாதாரண வயிற்றோட்டமாகக் கடந்துபோகும். கடுமையாக விழுபவர் மிகச் சிலர். பழைய வகையைவிட வெளிநீரில் அதிக நாள் உயிர் தரிக்கும். நோயில்லாத உடம்பில் ஏறிப் போவதுதான் அதன் வலிமை. அப்படியானால் தடைமுகாமில் ஹாஜியையோ கூலியாளையோ நிறுத்திவைத்து அதைத் தடுக்க முடியாது. நல்ல தண்ணீரும் மலசலகூடமும்தான் தடுக்கும். எந்தத் தடைமுகாமின் பெயரை அது தாங்கியிருக்கிறதோ, அந்த முகாம்களின் தோல்வியைச் சொல்லும் கிருமி அது.

வங்காள விரிகுடாவுக்கும் இப்படி ஒரு பங்கு விழுந்தது. 1992 ஒக்டோபரில் சென்னையில் கொலரா போன்ற நோய் கண்டபோது, அதன் கிருமி அதுவரை அறியப்பட்ட கொலரா வகையின் ஊனீரில் திரளவில்லை. 139ஆம் எண் கொடுத்து 'ஓ139' என்றார்கள். அடுத்த ஆண்டு கல்கத்தாவையும் பங்களாதேஷையும் அது தாக்கியது. கூடவே ஒரு துணைப்பெயரும் வைத்தார்கள்: 'பெங்கால்'. முதலில் பிரித்தெடுத்தது தமிழ்நாட்டில், பெயரோ வங்காளம். விரிகுடாவின் கரையெங்கும் கண்டதால் விரிகுடாவின் பெயர் என்பது விளக்கம். அந்த விரிகுடாவின் அலைதான் காத்தான்குடிக் கடற்கரையிலும் அடிக்கிறது. வங்காளம் என்ற சொல் கொலராவோடு 1817 முதல் ஒட்டப்பட்டிருந்ததால் கை தானாக அங்கே போயிருக்கும் என்பது என் எண்ணம். 2015 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு இடத்தின் பெயரோ மக்களின் பெயரோ வைக்கவேண்டாமென்று நெறி வகுத்தது. பழைய பெயர்களை அது தொடவில்லை.

பெயரில் தொடங்கும் பழி பிணத்தில் போய் முடியும் என்பதை இந்த மாவட்டத்தார் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் கொவிட்டில் இறந்தவர் எவரானாலும் எரிக்கவேண்டும் என்று இலங்கையில் சட்டமாக்கினார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் வபாத்தானவர்களைச் சாம்பலாக வாங்கவேண்டியிருந்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அந்த விதி மாறியது. மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2022 மார்ச்வரை நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கேதான் கொண்டுவரவேண்டியிருந்தது. தூர் முகாமின் ஆறு பேரை நினைக்கும்போது ஓட்டமாவடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பெயர்களெல்லாம் பயத்திலிருந்து வந்தவை. நமக்கு ஒரு நல்ல பெயரும் கிடைத்தது: ஜீவனி. இலங்கையில் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைப் பொடிக்கு அதுவே பெயர். மருந்துக்கடையில் 'ஜீவனி ஒரு பைக்கற்' என்றால் போதும். சிங்களவரும் அதையே கேட்பார், தமிழரும் முஸ்லிமும் அதையே கேட்பார்கள். உயிர் தருவது என்று பொருள்படும் வடமொழி வேர் இரு மொழிக்கும் பொதுவாக இருப்பதால் மொழிபெயர்க்கவேண்டிய தேவையே எழவில்லை.

அதன் பின்னால் இருப்பது கடந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த மருத்துவ ஆராய்ச்சிகளுள் ஒன்று. கொலராவில் குடல் நீரைக் கொட்டினாலும், குளுக்கோசும் உப்பும் சேர்ந்து வந்தால் அதே குடல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீரும் கூடவே போகும். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் வாய்வழிக் கரைசலால் கொலரா நோயாளிகளைக் காப்பாற்றலாமென்று காட்டினார்கள். 1971இல் பங்களாதேஷ் போரின்போது எல்லையோர பொங்காவ் முகாமில் ஊசிவழி நீர் தீர்ந்துபோக, கல்கத்தா மருத்துவர் திலீப் மகலநாபிஸ், லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா என்று பெரிய பீப்பாக்களில் கலந்து, உறவினரையே கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காடு அளவிலிருந்த இறப்பு நாலு விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. அகதி முகாமில், தாதி இல்லாத இடத்தில், தாயின் கையால் நடந்த வைத்தியம் அது. பின்னர் டாக்காவில் அரிசிமாவால் செய்த கரைசலும் கொலராவுக்கு நன்றாக வேலை செய்கிறதென்று சோதித்துக் கண்டார்கள். உப்பிட்ட கஞ்சி குடித்து வளர்ந்த கடற்கரைக்கு இது ஆச்சரியமான செய்தியல்ல.

காத்தான்குடியின் நிலத்தைப் பார்த்தால் ஜீவனி என்ற சொல் ஏன் இங்கே பெரிதென்று விளங்கும். மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவே ஒடுங்கிய மணல்திடல். அந்தச் சில சதுர கிலோமீற்றரில் நாற்பதாயிரம் அளவில் மக்கள். மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி வைக்கக் காணி போதாது. உவர்நீர்க் களப்புகள் கொலரா இனக் கிருமிகளுக்கு உலகெங்கும் இயல்பான இருப்பிடம். அவற்றுள் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை என்பது ஆறுதல். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிக் கிணறுகளையெல்லாம் உப்பாக்கி, மக்கள் பள்ளிகளிலும் பாடசாலைகளிலும் நெருக்கியடித்துக் கிடந்தபோது கொலரா வரும் என்று உலகமே அஞ்சியது. வரவில்லை. கிணறுகளை இறைத்தார்கள், குளோரின் இட்டார்கள், தண்ணீர்ப் பவுசர்கள் வந்தன, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் முகாம் முகாமாக நடந்தார்கள். 'கொதித்தாறிய நீர்' என்ற சுகாதாரத் திணைக்களத்தின் சொற்றொடர் அந்நாளில் எல்லார் வாயிலும் இருந்தது. நல்ல தமிழ் அது. கொதிக்கவும் வேண்டும், ஆறவும் வேண்டும் என்று செய்முறையையே பெயராக்கிய சொல்.

கடைசியாக, தமிழில் இக்கிருமியை எப்படி எழுதுவது? 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தமிழில் சொல் தேடு, இல்லாவிட்டால் வடமொழியில், அதுவும் இல்லாவிட்டால் மூலச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. எல் தோர் மூன்றாம் வகை. மூலம் ஆங்கிலமல்ல, அரபு. ஆகவே டகரம் வேண்டாம். அரபின் அந்த எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாகத் தகரத்தால்தான் எழுதிவருகிறார்கள். எகிப்தியர் வாயின் ஓகாரத்தை வைத்துக்கொண்டு 'எல் தோர்' என்று எழுதலாம். சீனாயின் அந்தக் கரையில் 1905இல் இறந்த ஆறு ஹாஜிகளிடமிருந்து இக்கிருமி முதலில் எடுக்கப்பட்டது என்றும், அவர்களுக்குக் கொலரா இருக்கவில்லை என்றும், பெயர் முதன்முதல் வரும் பக்கத்திலேயே பாடநூல் எழுதுவோர் இரண்டு வரி சேர்க்கவேண்டும்.